முதல் ஆவணப்படம்: தொடங்குகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆவணப்படம் எடுக்க விரும்பும் இளைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எல்லாம் எளிதாகத் தெரியும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் கேமராவோடு நிற்கும்போதுதான் சிக்கல்கள் கண்ணுக்குப் படும். அதனால் பெரும்பாலான பதில்களுக்கு ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன்: தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றித் தன் முதல் படத்தை எடுக்க நினைக்கும் ஒருவர். உங்கள் பொருள் நெசவாக இருக்கலாம், தெருக்கூத்தாக இருக்கலாம், உங்கள் பாட்டியாகவே இருக்கலாம். கேள்விகள் பெரிதாக மாறாது.

எதைப் பற்றி எடுப்பது என்றே முடிவுசெய்ய முடியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

அதிகச் செலவில்லாமல், நினைத்தபோதெல்லாம் மறுபடி போய்வரக்கூடிய இடத்திலிருந்து தொடங்குங்கள். முதல் படத்துக்கு நான் வைக்கும் ஒரே நிபந்தனை இதுதான். லடாக்கிலோ அந்தமானிலோ எவ்வளவு நல்ல கதை இருந்தாலும் அங்கே நீங்கள் ஒருமுறைதான் போவீர்கள். ஒருமுறை வருகிறவருக்கு மக்கள் விருந்தாளிக்குக் காட்டும் முகத்தையே காட்டுவார்கள். பஸ் ஏறி ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர் என்றால், பல தடவை போன பிறகு உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவரவர் வேலையை அவரவர் செய்துகொண்டிருப்பார்கள். உங்கள் படம் அன்றைக்குத்தான் ஆரம்பமாகிறது.

அடுத்து, பொருளைச் சுருக்க வேண்டும். ‘உப்பளத் தொழிலாளர் பிரச்சினைகள்’ என்பது ஆய்வறிக்கைக்குப் பொருந்தும் தலைப்பு. படத்துக்கு ஓர் ஆள் வேண்டும், ஒரு கால அளவு வேண்டும், அந்தக் காலத்துக்குள் ஏதாவது ஒன்று மாற வாய்ப்பிருக்க வேண்டும். உப்பளத்தில் கால அளவைப் பருவமே வகுத்துத் தருகிறது. பிப்ரவரி வாக்கில் தொடங்கும் உற்பத்தி செப்டம்பர் வரை போகும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகளில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் ஒரு குடும்பம் எதைக் கொண்டு சாப்பிடுகிறது, யாரிடம் கடன் வாங்குகிறது, அடுத்த பருவத்தில் எந்த அளத்துக்கு வேலைக்குப் போவது என்பதை அந்தக் கடன் தீர்மானிக்கிறதா? இந்தக் கேள்வியோடு ஒரு பெண்ணை ஒரு மழைக்காலம் முழுக்கப் பின்தொடருங்கள். கூலி, கண் எரிச்சல், அரசு அறிவித்த 5,000 ரூபாய் மழைக்கால உதவி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அவருடைய வாழ்க்கை வழியாகவே படத்துக்குள் வந்துவிடும்.

திரைப்படக் கல்லூரியில் படித்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. புனேயிலும் கொல்கத்தாவிலும் உள்ள தேசிய நிறுவனங்கள், சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் போன்றவற்றில் இடம் கிடைத்தால் போங்கள். கருவிகளும் சக மாணவர்களும் பெரிய வரம். கிடைக்கவில்லை என்பதற்காகக் காத்திருக்காதீர்கள். ஆவணப்படத்துக்கு வேண்டிய முக்கியமான திறமை, பொறுமையாக ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது. அதற்கு நுழைவுத்தேர்வு இல்லை.

முதல் படம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதினைந்திலிருந்து இருபத்தைந்து நிமிடம். ஆஸ்கர் விருதில் ஆவணக் குறும்படம் என்பதற்கான எல்லை, பெயர்ப்பட்டியலையும் சேர்த்து 40 நிமிடம். பல விழாக்கள் குறும்படத்துக்கு இதைவிடக் குறைவான எல்லையை வைத்திருக்கின்றன. ஒரு மணி நேரப் படத்தைத் தாங்கிப் பிடிக்கும் கட்டமைப்பை முதல் முயற்சியிலேயே உருவாக்குவது மிகவும் கடினம்.

கேமராவை எடுப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

வெறுங்கையோடு போங்கள். உப்பளத்தில் வேலை இருட்டோடு தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதியை முடிக்க வேண்டும் என்பதற்காக. நீங்களும் அந்த நேரத்துக்கே போய் நின்று பாருங்கள். யார் பாத்தியை மிதித்துச் செம்மைப்படுத்துகிறார்கள், யார் உப்பை வாருகிறார்கள், யார் தலையில் சுமந்து கரையில் கொட்டுகிறார்கள், யார் கணக்கு எழுதுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் எங்கே வைத்திருக்கிறார்கள், நிழல் எங்கே இருக்கிறது, பெண்கள் கழிப்பறைக்கு எங்கே போகிறார்கள் என்பதையும் பாருங்கள். இவையெல்லாம் பின்னால் காட்சிகளாகும். வீட்டுக்கு வந்ததும் கேட்ட சொற்களை அவர்கள் சொன்னபடியே குறித்துவையுங்கள். அடுத்த முறை கேள்வி கேட்கும்போது அவர்களுடைய சொல்லிலேயே கேட்கலாம்.

இன்னொரு பக்கம் காகித ஆய்வு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுத்தால் பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். நலவாரியத்தில் எத்தனை உப்பளத் தொழிலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், மழைக்கால உதவி எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கலாம். பதில் வர நாள் எடுக்கும்; ஆகவே படப்பிடிப்பு தொடங்கும் முன்பே மனுவை அனுப்பிவிடுங்கள். பழைய நூல்களுக்கும் இதழ்களுக்கும் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அரசு ஆவணங்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடத்திய உப்புச் சத்தியாகிரகத்தைப் பற்றிப் படிக்காமல் தமிழ்நாட்டு உப்பைப் பற்றிப் படம் எடுக்கக் கூடாது என்பேன். அது உங்கள் படத்தில் ஒரு நொடிகூட வராமல் போகலாம். ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விகளின் ஆழத்தில் அது தெரியும்.

திரைக்கதை எழுத வேண்டுமா?

ஒரு பக்கம் எழுதுங்கள்: யார், எங்கே, எப்போதிலிருந்து எப்போது வரை, எந்தக் கேள்வி, அதை நான் ஏன் எடுக்க வேண்டும். அதோடு கட்டாயம் எடுக்க வேண்டிய காட்சிகளின் பட்டியல் ஒன்று. நடக்கும் என்று நினைத்தது நடக்காமல் போகும்போது பட்டியலை மாற்றுங்கள். அந்த ஒரு பக்கத்தில் உள்ள கேள்வியை மட்டும் எளிதில் கைவிடாதீர்கள்.

என்னிடம் நல்ல கேமரா இல்லை. போனில் எடுக்கலாமா?

தாராளமாக. கடந்த சில ஆண்டுகளில் வந்த நடுத்தர விலை போன்களின் படத்தரம் முதல் படத்துக்குப் போதும். ஆனால் போனை அதன் போக்கில் விட்டுவிடக் கூடாது. சில அமைப்புகளை நீங்களே பூட்டிவைக்க வேண்டும். பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலிகள் அதற்கு உதவும்.

முதலாவது, ஃப்ரேம் வேகம். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலான போன்கள் நொடிக்கு 30 ஃப்ரேம் என்று வைத்தே வருகின்றன. டியூப் லைட் வெளிச்சத்தில் அப்படி எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடலாம். 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது. வீட்டுக்குள், ரேஷன் கடையில், மருத்துவமனையில் எடுக்கும்போது இது மிகவும் முக்கியம். எடுத்து முடித்த பிறகு சரிசெய்வது மிகவும் சிரமம்.

இரண்டாவது, வெளிச்ச அளவு. உப்பளம் முழுக்க வெள்ளை. கேமரா தானாக அளவெடுத்தால் அந்த வெள்ளையைப் பார்த்து ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். வேலை செய்கிறவரின் முகம் கரிக்கட்டையாகத் தெரியும். அவர் முகத்தை வைத்து அளவெடுத்துப் பூட்டுங்கள். பின்னால் உப்புக்குவியல் கொஞ்சம் வெளுத்துப்போனாலும் பரவாயில்லை, முகம் தெரிய வேண்டும். பகலில் ஷட்டரை 1/50இல் வைத்திருக்க ஒரு என்.டி. ஃபில்டர், அதாவது லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி, தேவைப்படும். விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரமும் மாலையின் கடைசி மணி நேரமும்தான் அங்கே கேமராவுக்கு நல்ல நேரம். கண்ணைக் கூசவைக்கும் நண்பகல் வெளிச்சத்தையும் கொஞ்சம் எடுத்துவையுங்கள். அந்த வெளிச்சத்தில்தான் அவர்கள் ஆண்டுக்கணக்காகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். தினமும் திரும்பி வந்ததும் கருவிகளை லேசாக ஈரமான துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

ஒலிக்கு என்ன செய்வது?

கையில் இருக்கும் பணத்தில் முதல் செலவு இதற்குத்தான் இருக்க வேண்டும். படம் கொஞ்சம் ஆடினாலும் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேசுவது கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

சட்டையில் குத்தும் லேப்பல் மைக் ஒன்று, சிறிய ரெக்கார்டர் ஒன்று, இரண்டு காதையும் மூடும் ஹெட்ஃபோன் ஒன்று. தொடக்கத்துக்கு இவை போதும். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மைக் சேலையில் உரசுகிறதா என்பது மீட்டரைப் பார்த்தால் தெரியாது. கடற்கரை உப்பளத்தில் காற்று ஓயாது. மைக்கின் மேல் பஞ்சு உறை மட்டும் போட்டால் அங்கே போதாது, ரோமம் வைத்த உறை வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் இரண்டு பேச்சுத் துண்டுகளை ஒட்டும்போது நடுவில் விழும் பள்ளத்தை அதுதான் நிரப்பும். பலகையால் உப்பை வாரும் சத்தம், வெறுங்கால் சேற்றிலிருந்து எழும் சத்தம், மழை நாளில் தகரக் கூரை சத்தம் ஆகியவற்றைப் பக்கத்தில் போய்த் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

வேலையின்போது யாராவது போனில் சினிமாப் பாட்டு வைத்திருப்பார்கள். முக்கியமான பேச்சு நடக்கும்போது அதை நிறுத்தும்படி பணிவாகக் கேளுங்கள். பின்னணியில் பாட்டு ஓடினால் பேச்சை எங்கே வெட்டினாலும் பாட்டு துண்டு துண்டாகக் குதிக்கும். காப்புரிமைச் சிக்கல் தனி.

ஒருவரைப் படமெடுக்க அவருடைய சம்மதத்தை எப்படிப் பெறுவது?

‘அக்கா, உங்களை ஒரு படம் எடுக்கலாமா?’ என்று கேட்டு அவர் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது. அந்தப் படம் எங்கெல்லாம் போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யூடியூபில் வரும், உங்கள் மகள் படிக்கும் பள்ளியில் பார்ப்பார்கள், உங்கள் முதலாளியும் பார்ப்பார் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சம்மதப் படிவம் எளிய தமிழில் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு அதை உரக்க வாசித்து, அவர் கேட்டு ஒப்புக்கொள்வதையும் பதிவு செய்யுங்கள். படம் இறுதியாகும் வரை எந்தப் பகுதியை வேண்டுமானாலும் நீக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். அப்படி எழுதினால் படமே போய்விடுமே என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். மாறாக, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தெரிந்தவர்தான் மனம் விட்டுப் பேசுகிறார்.

உப்பளத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அளம் ஒருவருக்குச் சொந்தமாகவோ குத்தகையிலோ இருக்கும். உள்ளே படமெடுக்க அவருடைய அனுமதி வேண்டும். அவர் அனுமதி கொடுத்த இடத்தில் நின்றுகொண்டு தொழிலாளியிடம் கூலியைப் பற்றிக் கேட்டால், உண்மையைச் சொன்னதற்காக அவர் மறுநாள் வேலை இழக்கலாம். கூலி, கடன், உடல்நலம் பற்றிய பேச்சை அவருடைய வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சொன்னதால் தீங்கு வரும் என்று தோன்றினால் அந்தப் பகுதியை, எவ்வளவு அருமையாக இருந்தாலும், படத்தில் சேர்க்காதீர்கள்.

குழந்தைகள் என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும், குழந்தையின் விருப்பமும் வேண்டும். பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் போக்சோ சட்டம் பெயரோடு பள்ளி, குடும்பம், வசிக்கும் பகுதி போன்ற தடயங்களையும் தடுக்கிறது.

படத்தில் வருகிறவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா?

இதில் ஆவணப்படக்காரர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேசுவதற்குக் காசு கொடுத்தால் கேட்கிறவர் விரும்பும் பதில் வந்துவிடும் என்பது ஒரு பக்கத்தின் அச்சம், அது நியாயமானது. என் நிலைப்பாடு இது: பேட்டிக்கு விலை பேசாதீர்கள், ஆனால் உங்களால் ஒருவருக்கு ஒரு நாள் கூலி போகிறது என்றால் அந்தக் கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும். தினக்கூலிக்காரரின் அரை நாளை வாங்கிக்கொண்டு தேநீரோடு நன்றி சொல்லிவிட்டுப் போவது சரியில்லை. படம் பின்னால் பணமோ பரிசோ பெற்றால் என்ன செய்வீர்கள் என்பதையும் தொடக்கத்திலேயே பேசி எழுதிவையுங்கள். உங்களால் நிறைவேற்ற முடியாத எதையும், வீடு வாங்கித் தருகிறேன், அதிகாரியிடம் சொல்கிறேன் என்பது போல, பேச்சுவாக்கில்கூடச் சொல்லாதீர்கள்.

நேர்காணலில் நல்ல பதில் வருவதில்லையே?

ஆம், இல்லை என்று முடியக்கூடிய கேள்விகளைத் தவிருங்கள். ‘வேலை கஷ்டமாக இருக்கிறதா?’ என்றால் ‘ஆமாம்’ என்பார். ‘நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். உங்கள் குரல் படத்தில் வராது என்றால், கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். ஐந்தாறு நொடி சும்மா இருங்கள். அந்த இடைவெளியில் அவராகத் தொடரும் வாக்கியம்தான் பெரும்பாலும் படத்தில் இடம்பெறும்.

கையில் வேலை இருக்கும்போது மக்கள் நன்றாகப் பேசுவார்கள். நாற்காலியில் உட்காரவைத்துச் சுவரை ஒட்டி எடுப்பதைவிட, மீன் ஆய்ந்துகொண்டோ பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டோ பேசுவதை எடுங்கள்.

நடந்ததைத் தவறவிட்டுவிட்டால் மறுபடி செய்யச் சொல்லலாமா?

ஆவணப்படம் பிறந்த நாளிலிருந்தே இருக்கும் கேள்வி இது. ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி 1922இல் வெளியிட்ட, வட கனடாவின் இனூயிட் மக்களைப் பற்றிய புகழ்பெற்ற படத்தில் வேட்டைக்காரர்கள் ஈட்டியோடு வருகிறார்கள்; அன்றைக்கு அவர்கள் துப்பாக்கி பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதாததால் பாதி வீட்டைத் திறந்துவைத்து எடுத்தார். நூறு ஆண்டுகளாக அந்தப் படத்தைப் பாராட்டும்போதெல்லாம் இந்தக் குறையும் சேர்த்தே பேசப்படுகிறது.

என் அளவுகோல் எளிது. தினமும் நடக்கும் செயல் என்றால், கதவைத் திறந்து வருவதோ உப்பை வாருவதோ, இன்னொரு முறை செய்யும்படி கேட்கலாம். ஒருமுறை மட்டும் நடக்கும் உணர்ச்சியை, அழுகையை, சண்டையை, மகள் தேர்ச்சி பெற்ற செய்தி வந்த நொடியை மறுபடி செய்யச் சொல்லவே கூடாது. தவறிவிட்டால் தவறியதுதான். பிறகு அவர் அதைப் பற்றிச் சொல்வதை எடுங்கள்.

எந்த இடங்களுக்கு அரசு அனுமதி வேண்டும்?

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள், அறநிலையத் துறைக் கோயில்கள், ரயில் நிலையங்கள், அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் முன்அனுமதி தேவை. காட்டுயிர்ச் சரணாலயம் என்றால் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி. துறைமுகம், அனல்மின் நிலையம் போன்றவற்றின் பக்கம் கேமராவைத் திருப்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் இரண்டுமே உண்டு. டிரோன் பறக்கவிடுவதற்கு 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் பொருந்தும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்க்காமல் பறக்கவிடக் கூடாது. உண்மையில் முதல் படத்துக்கு டிரோன் தேவையே இல்லை. மேலிருந்து பார்த்தால் பாத்திகள் அழகான கட்டங்களாகத் தெரியும். நீங்கள் பின்தொடரும் பெண் அந்த அழகை ஒருநாளும் பார்த்ததில்லை.

பழைய புகைப்படங்கள், காணொளிகளைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், உரிமையை உறுதிசெய்துகொண்ட பிறகு. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி திரைப்படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். எழுத்து, இசைப் படைப்புகளுக்குப் படைப்பாளி இறந்த பிறகு 60 ஆண்டுகள். ஒரு திரைப்பாடலில் வரிக்கும் மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமையாளர்கள் இருக்கலாம். இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக ஒன்று பொதுச்சொத்து ஆகிவிடாது.

பிறர் எடுத்த காட்சிகளைத் தேடித் தொகுத்தே பெரிய படம் செய்தவர் நம்மிடம் ஒருவர் இருக்கிறார். ஏ.கே. செட்டியார் 1937இல், இருபதுகளின் நடுவில், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில் காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் கொண்டார். காந்தியைப் படம்பிடித்தவர்களைத் தேடி உலகம் சுற்றி, ஏறத்தாழ 50,000 அடி படச்சுருளைச் சேகரித்து, 1940இல் தமிழில் படத்தை வெளியிட்டார். பின்னாலும் ‘குமரி மலர்’ இதழை நடத்தி, பழைய ஆவணங்களைத் தேடிப் பதிப்பிப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டார். தமிழ் ஆவணப்படத்தின் தொடக்கத்தில் இப்படி ஒரு தேடல் இருப்பது எனக்குப் பெரிய ஊக்கம். உங்கள் ஊரிலும் கேட்டுப் பாருங்கள். பழைய ஸ்டுடியோக்காரர் வீட்டுப் பரணில் நெகட்டிவ் கிடக்கலாம், திருமண வீடியோ எடுத்தவரிடம் கேசட் இருக்கலாம்.

எடுத்ததைப் பாதுகாப்பது எப்படி?

நொடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். நாற்பது மணி நேரம் என்றால் 1.8 டி.பி.; இரண்டு நகல் என்றால் 3.6. இந்தச் செலவு முடியாது என்றால் முழு எச்.டி.யில் எடுங்கள், படம் ஒன்றும் கெட்டுவிடாது. ஒரே நகலோடு மட்டும் இருக்காதீர்கள். மூன்று நகல், இரண்டு வகைக் கருவிகளில், ஒன்று வேறு வீட்டில் என்பது நல்ல வழக்கம். மெமரி கார்டை அன்றிரவே இறக்கி, இரண்டு நகலையும் திறந்து பார்த்த பிறகுதான் அழிக்க வேண்டும். மேலே சொன்ன ஃப்ளாஹெர்ட்டி, முதலில் எடுத்த ஏறத்தாழ 30,000 அடி நெகட்டிவை 1916இல் ஒரு சிகரெட் நெருப்பில் பறிகொடுத்தார். பிறகு மறுபடி வடக்கே போய் எல்லாவற்றையும் புதிதாக எடுத்ததுதான் இன்று நாம் பார்க்கும் படம்.

எடிட்டிங்கை எப்படித் தொடங்குவது?

முதலில் எல்லாவற்றையும் உட்கார்ந்து பாருங்கள். பேச்சு முழுவதையும் எழுத்தாக்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத நான்கைந்து மணி நேரம் ஆகும். இதற்குக் குறுக்குவழி தேடாதீர்கள். தானாக எழுத்தாக்கும் மென்பொருள்கள் வட்டார வழக்கில் தடுமாறுகின்றன. அதைவிட முக்கியம், எழுதும்போதுதான் ஒருவர் எங்கே தயங்கினார், எதை இரண்டு முறை சொன்னார் என்பது உங்களுக்குப் புரியும். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு முதல் படத்துக்குப் போதுமானது.

முதலில் பேச்சைக் கொண்டு கட்டாதீர்கள். பேச்சே இல்லாமல் காட்சிகளை மட்டும் வரிசைப்படுத்திப் பாருங்கள். கதையை எவ்வளவு தூரம் அவையே கொண்டுபோகின்றன என்று தெரியும். பிறகு தேவையான இடத்தில் மட்டும் பேச்சைச் சேருங்கள். முதல் வடிவம் இரண்டு மடங்கு நீளமாக இருந்தால் கவலை வேண்டாம். சினிமா தெரியாத மூன்று பேரை உட்காரவைத்துக் காட்டுங்கள். அவர்கள் கருத்தைக் கேட்பதைவிட, எந்த இடத்தில் போனை எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

விவரணைக் குரல் வேண்டுமா?

கனத்த குரலில் ‘உழைக்கும் மக்களின் கண்ணீர்க் கதை இது’ என்று தொடங்கும் விவரணை, பார்வையாளர் என்ன உணர வேண்டும் என்று ஆணையிடுகிறது. அது வேண்டாம். தகவல் தேவையென்றால் இரண்டு வரி எழுத்தாகப் போடுங்கள். உங்கள் சொந்தக் குடும்பத்தைப் பற்றிய படம் என்றால் உங்கள் குரல் பொருந்தும். நண்பரோடு பேசுவது போலப் பேசுங்கள்.

பணத்துக்கு எங்கே போவது?

முதல் படத்துக்கு நல்கை கிடைப்பது அரிது. கொடுப்பவர்கள் முந்தைய வேலையைக் கேட்பார்கள். ஆகவே முதல் படத்தைச் சிறியதாக, சொந்தச் செலவிலும் நண்பர்களின் உதவியிலும் முடித்துவிட்டு, அதைக் காட்டி இரண்டாவது படத்துக்குக் கேளுங்கள். பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், கொல்கத்தாவில் நடக்கும் டாக்எட்ஜ் பயிலரங்கு, ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவின் பெர்த்தா நிதி ஆகியவற்றின் அறிவிப்புகளைத் தொடர்ந்து படித்துவாருங்கள். விண்ணப்பம் எழுதும் கலையைக் கற்க அவற்றின் கேள்விகளே நல்ல பாடம். வெளிநாட்டுப் பணம் வாங்கும் முன் ஒரு கணக்குத் தணிக்கையாளரிடம் (ஆடிட்டரிடம்) ஆலோசனை கேட்பது கட்டாயம்.

செலவுக் கணக்கில் பலரும் மறப்பவை: ஹார்ட் டிஸ்க், பயணம், ஒலிக்கலவை, சப்டைட்டில், விழாக் கட்டணம்.

தணிக்கைச் சான்றிதழ் தேவையா?

1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி, பொதுத் திரையிடலுக்கு ஆவணப்படத்துக்கும் சான்றிதழ் தேவை. இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தன் ஆவணக் குறும்படத்துக்கு ‘யு’ சான்றிதழ் மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் வரை போனார். 1970இல் வந்த தீர்ப்பு முன்தணிக்கை செல்லும் என்றது. திரைப்பட விழாக்களுக்கு மத்திய அரசிடமிருந்து விலக்கு பெறும் வழி இருக்கிறது. அதை விழாக் குழுவே பார்த்துக்கொள்ளும். இணையத்தில் வெளியிடத் தணிக்கை வாரியச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆனால் அவதூறு உள்ளிட்ட பிற சட்டங்கள் அங்கேயும் உண்டு. ஒருவர்மீது குற்றம் சுமத்தும் காட்சி இருந்தால் ஆவணச் சான்றை கையில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பிடம் பதில் கேட்டதற்கான பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் முடிந்தது. எங்கே காட்டுவது?

முதலில் படத்தில் வருகிறவர்களுக்கு, அவர்கள் ஊரில். இறுதி செய்வதற்கு முன்பே ஒருமுறை தனியாகக் காட்டியிருக்க வேண்டும். இது ஊர்கூடிப் பார்க்கும் திரையிடல். வெள்ளை வேட்டி, புரொஜெக்டர், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறவரிடமிருந்து ஒலிபெருக்கி போதும்.

பிறகு விழாக்கள். மதுரையில் ஆர்.பி. அமுதனின் மறுபக்கம் அமைப்பு 1998இல் ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் கேரள மாநில சலச்சித்ர அகாதெமி நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா நமக்கு மிக அருகில் இருக்கும் பெரிய வாய்ப்பு. மும்பையில் 1990இல் தொடங்கிய சர்வதேச விழா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. யூடியூபில் போடுவதற்கு முன் விழாக்களின் விதிகளைப் படியுங்கள். முன்பே இணையத்தில் வெளியான படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. மாதந்தோறும் விருது கொடுத்து, கட்டணம் வசூலிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் இணைய ‘விழாக்களுக்கு’ ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சப்டைட்டிலை நீங்களே அவசரமாகச் செய்யாமல், இரண்டு மொழியிலும் நல்ல பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் கூடாது. பேசுகிறவர் தூத்துக்குடித் தமிழில் எவ்வளவு கூர்மையாகப் பேசினாலும், வெளியூர்ப் பார்வையாளர்கள் அறிவது அந்த இரண்டு வரியைத்தான்.

நான் கல்லூரி மாணவி. மூன்று மாதத்தில் படத்தை ஒப்படைக்க வேண்டும். இதெல்லாம் சாத்தியமா?

ஒரு மழைக்காலத்தைப் பின்தொடர உங்களுக்கு நேரமில்லை. அளவைக் குறையுங்கள்: ஒரே ஆள், ஒரே நாள் வேலை, எட்டு நிமிடம். முதல் மாதத்தின் வார இறுதிகளில் கேமரா இல்லாமல் போய்ப் பழகுங்கள். இரண்டாவது மாதம் அதே வேலை நாளை வெவ்வேறு வாரங்களில் திரும்பத் திரும்ப எடுங்கள். ஒரு வாரம் கைகள், ஒரு வாரம் முகங்கள், ஒரு வாரம் ஒலி மட்டும். மூன்றாவது மாதம் முழுக்க எடிட்டிங்குக்கு. விடுதி நேரம், பாதுகாப்பு காரணமாக விடியற்காலைப் பயணம் கடினம் என்றால், களத்துக்குப் பக்கத்திலேயே யாருடைய வீட்டிலாவது இரவு தங்க முடியுமா என்று பாருங்கள். படமெடுக்கும் குடும்பமே அழைத்தால் இன்னும் நல்லது. உடன் ஒரு தோழி இருக்கட்டும், அவர் ஒலியைப் பார்த்துக்கொள்ளட்டும். சம்மதப் படிவத்தில் ‘கல்லூரித் தேர்வுக்காக’ என்று மட்டும் எழுதினால் பின்னால் விழாவுக்கு அனுப்ப மறுபடி அவரிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கும்; இரண்டுக்கும் தனித்தனியாக இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.